பன்னிரண்டு பேர், ஒரு வேன்: சிறு பாலே கம்பெனி எந்தப் பக்கம் வளர்வது?

ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு சின்ன பாலே கம்பெனிக்கு ஏழெட்டு வருடம் ஓடிய பிறகு ஒரு கட்டம் வரும். பன்னிரண்டு நடனக் கலைஞர்கள், ஒரு வேன், ஒரு லாரி, பழகிய ஊர்கள் முப்பது. போன வருடம் வந்தவர்களே இந்த வருடமும் டிக்கெட் வாங்குகிறார்கள். அரங்க மேலாளர், "அடுத்த தடவை கொஞ்சம் பெரிசா கொண்டு வாங்களேன்" என்கிறார். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் யாராவது "நாம வளரணும்" என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எதில் வளர்வது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வளர்ச்சி என்று அங்கே பேசப்படுவது உண்மையில் ஐந்து வெவ்வேறு வழிகள். ஸ்வான் லேக் மாதிரி முழுநீள கிளாசிக்குக்கு ஆள் சேர்ப்பது ஒன்று. பெரிய புரவலர் ஒருவரைப் பிடிப்பது இன்னொன்று. ஒரு நகரத்தில் வேரூன்றுவது, சிறிதாகவே இருந்து புதுப் படைப்புகளில் பெயர் வாங்குவது, பள்ளி தொடங்குவது என்று மற்ற மூன்று. ஐந்தையும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். சிலர் பிழைத்தார்கள், சிலர் மூடினார்கள். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, வரலாறு கையில் இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களைக் கூட்டுவதற்கு முன்னால் சம்பள வாரங்களைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வழியையும் இந்தத் தராசில் வைத்துத்தான் நிறுக்கப் போகிறேன்.

ஒரே சம்பளம், இரண்டு கம்பெனி

பன்னிரண்டு பேருக்கு வருடத்தில் 30 வாரம் சம்பளம் கொடுத்தால் மொத்தம் 360 சம்பள வாரம். 24 பேருக்கு 15 வாரம் கொடுத்தாலும் அதே 360. கணக்குப் புத்தகத்தில் சம்பளத் தொகை மாறாது. ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி அல்ல. இருபத்து நாலு பேர் வேனில் ஏறமாட்டார்கள், பஸ் வேண்டும். ஓட்டல் அறை, சாப்பாட்டுப்படி, உடை, ஷூ எல்லாம் இரட்டிப்பாகும். அதைவிடப் பெரிய நஷ்டம் பதினாறாவது வாரத்தில் தொடங்கும். சம்பளம் நின்றவர்கள் சொகுசுக் கப்பல் நிகழ்ச்சிக்கோ மியூசிக்கலுக்கோ போய்விடுவார்கள். அடுத்த பருவத்தில் பாதிப் பேர் புதுமுகம். சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாலே உடம்பைத் தினமும் கேட்கும் கலை. காலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு இல்லாமல் மாலையில் யாரும் மேடை ஏறுவதில்லை. சம்பளம் இல்லாத 37 வாரத்தில் அந்த வகுப்புக்குக் காசு கொடுப்பது யார்? அவர்களே கொடுத்துக்கொள்கிறார்கள், ஓட்டலில் பரிமாறிச் சம்பாதித்த காசிலிருந்து. ஒரு வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பேரின் தலை ஒரே கோணத்தில் திரும்புவது நாலு வார ஒத்திகையில் வந்துவிடாது. மாதக்கணக்கில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வகுப்பு செய்வதால் வருவது அது. அதனால் சம்பள வாரம் கூடினால் நடனத்தின் தரமும் கூடும். ஆள் கூடினால் அப்படிக் கூடும் என்று சொல்ல முடியாது.

ஸ்வான் லேக் ஆசை

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதற்கு நியாயமும் உண்டு. சுவரொட்டியில் ஸ்வான் லேக், நட்கிராக்கர் என்ற பெயரைப் போட்டால் பாலே பற்றி எதுவும் தெரியாதவரும் டிக்கெட் வாங்குவார். பெட்டிபாவின் நடன அமைப்புக்கும் சாய்கோவ்ஸ்கியின் இசைக்கும் இன்று காப்புரிமை கிடையாது (ஒலிப்பதிவுக்கு உண்டு, அதை மறந்துவிடக் கூடாது).

இடிக்கும் இடம் எண்ணிக்கை. பெரிய கம்பெனிகள் ஏரிக்கரைக் காட்சியில் வழக்கமாக 24 அன்னங்களை நிறுத்தும். சிறு கம்பெனி பன்னிரண்டு, எட்டு என்று குறைத்துச் சமாளிக்கும். நாலு குட்டி அன்னங்களின் நடனம் எங்கேயும் நாலு பேர்தான், அதில் வித்தியாசம் தெரியாது. பின்னால் சாய்கோடாக வரிசை நிற்கும் இடத்தில்தான் மேடை காலியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் "இன்னும் பத்துப் பேர்" என்ற பேச்சு தொடங்குகிறது.

பத்துப் பேரைச் சேர்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முகப்பு எட்டு மீட்டர் அகலமுள்ள ஒரு சிற்றூர் மேடையில் இருபத்திரண்டு பேர் டூட்டு பாவாடையோடு எங்கே நிற்பார்கள்? பக்கவாட்டில் காத்திருக்க இடம் ஏது? 400 இருக்கை உள்ள அரங்கில் டிக்கெட் 20 பவுண்டு என்று வைத்தால், ஒரு நாற்காலி காலியில்லாமல் நிரம்பினாலும் 8,000 பவுண்டு. அதில் வரியும் அரங்கின் பங்கும் போக வருவதில் இருபத்திரண்டு பேர் சம்பளம், பஸ், ஓட்டல் எல்லாம் அடங்காது. அப்போது பழகிய முப்பது ஊரில் இருபதைக் கைவிட்டு 1,500 இருக்கை அரங்குகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே பெரிய கம்பெனிகள் நேரடி இசைக்குழுவோடு வந்துபோகின்றன. சின்ன மேடைக்கு அதிகம், பெரிய மேடைக்குப் போதாது என்ற இடத்தில் கம்பெனி மாட்டிக்கொள்கிறது. என் பார்வையில் இந்தத் தொழிலில் இதைவிட ஆபத்தான அளவு வேறில்லை.

ஷூ விஷயமும் சின்னதல்ல. விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் ஷூவின் முனையில் மரக்கட்டை எதுவும் கிடையாது. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்ததுதான். வியர்வையில் பசை இளகும். முக்கிய வேடத்தில் ஆடுபவருக்கு ஒரு ஜோடி ஒரே மாலையில் போய்விடலாம். அதனால் இரண்டு மூன்று ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு, இரவு ஓட்டல் அறையில் காயவைத்து, உள்ளே பசை ஊற்றி, முனையைச் சுற்றித் தடித்த நூலால் தைத்து ஆயுளை நீட்டுவார்கள். புது ஜோடி வந்தாலும் உடனே போட முடியாது. அடித்தளத்தை வளைத்து, முனையைச் சுத்தியலால் தட்டி, கதவிடுக்கில் நசுக்கிப் பழக்க வேண்டும். பத்துப் பெண்கள் கூடினால் இந்தச் செலவு ஒவ்வொரு வாரமும் கூடவே வரும்.

வரலாறு சொல்வதும் இதைத்தான். அலிசியா மார்க்கோவாவும் ஆன்டன் டோலினும் 1950இல் தொடங்கிய லண்டன் ஃபெஸ்டிவல் பாலே, சுற்றுப்பயணத்தாலேயே வளர்ந்த கம்பெனி. நிகழ்ச்சி அமைப்பாளர் ஜூலியன் பிரான்ஸ்வெக் அதைப் பெரும்பாலும் டிக்கெட் வசூலை நம்பியே ஓட்டினார். 1960களின் நடுவில், செலவு மிகுந்த ஒரு புதிய ஸ்வான் லேக்கை அடுத்து அது திவாலாகும் விளிம்புக்கு வந்தது. பிரான்ஸ்வெக் வெளியேற, டொனால்ட் ஆல்பெரி பொறுப்பேற்று, பொதுப் பணத்தின் துணையோடு மீட்டார். அந்தக் கம்பெனிதான் 1989 முதல் இங்கிலீஷ் நேஷனல் பாலே.

மேரி ராம்பேரின் பாலே ராம்பேர் இதற்கு நேர்மாறாக முடிவெடுத்தது. 1960இல் லா சில்ஃபீட், 1962இல் முழுநீள டான் கிஹோட்டே என்று அதுவும் கிளாசிக் பக்கம் பெரிதாகப் போய்ப் பார்த்தது. அந்தப் பாரத்தை ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல முடியவில்லை. 1966இல் நார்மன் மாரிஸின் வழிகாட்டலில் கோர் டி பாலேயையே, அதாவது பின்வரிசையில் கூட்டமாக ஆடும் குழுவையே, கலைத்துவிட்டு, எல்லோரும் தனி ஆட்டத்துக்குத் தகுதியானவர்கள் என்ற சிறு குழுவாக மாறி, நவீன நடனத்துக்குப் போனது. இன்றும் ராம்பேர் உயிரோடு இருக்கிறது. பாலேயாக இல்லை, அவ்வளவுதான். கிளாசிக்கல்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இது ஆறுதல் தராது.

பெரிய கை

புரவலர் வழியைப் பற்றிப் பேச ஜாஃப்ரி பாலேயின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. ராபர்ட் ஜாஃப்ரி சியாட்டிலில் பிறந்தவர். அப்பா ஆப்கானியர், அம்மா இத்தாலியர். 1956 அக்டோபரில் அவருடைய ஆறு நடனக் கலைஞர்கள் ஒரு ஸ்டேஷன் வேகனில், பின்னால் வாடகை டிரெய்லரைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் ஆட்டம் மேரிலாந்து மாநிலத்தின் ஃபிராஸ்ட்பர்க் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில். ஜாஃப்ரி கூடப் போகவில்லை. நியூயார்க்கில் தன் பள்ளியில் வகுப்பெடுத்து, அந்தக் காசில் வண்டியை ஓடவைத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கம்பெனி சிறிது சிறிதாகப் பெருத்தது.

1962இல் ரெபெக்கா ஹார்க்னஸ் வந்தார். பெரும் எண்ணெய்ச் செல்வத்துக்கு வாரிசான விதவை, இசையமைப்பாளரும்கூட. ரோட் ஐலண்டில் கடலோரமாக இருந்த தன் மாளிகையில் கம்பெனியைத் தங்கவைத்துப் புதுப் படைப்புகளுக்குப் பணம் கொடுத்தார். ஆல்வின் எய்லி உள்ளிட்டோர் வந்து நடனம் அமைத்தார்கள். அமெரிக்க அரசின் ஆதரவில் மேற்காசியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் போனார்கள்; 1963இல் வெள்ளை மாளிகையில் ஆடினார்கள், பிறகு சோவியத் ஒன்றியம். ஆறு பேர் வேகனில் போன கம்பெனிக்கு ஏழே வருடத்தில் இத்தனையும்.

1964இல் கம்பெனிக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்றார் ஹார்க்னஸ். ஜாஃப்ரி மறுத்தார். ஒப்பந்தங்கள் அந்த அம்மையாரின் அறக்கட்டளை கையில் இருந்தன. பெரும்பாலான கலைஞர்கள் அவரோடு போனார்கள். உடைகளும் காட்சியமைப்பும், அவர் பணத்தில் உருவான நடனங்களும் போயின. எய்லி அமைத்த ஃபீஸ்ட் ஆஃப் ஆஷஸும் அதில் அடக்கம். ஜாஃப்ரி கையில் மிஞ்சியது பெயரும் பள்ளியும். அதற்குச் சற்று முன்னால்தான், 1963 டிசம்பரில், ஃபோர்டு அறக்கட்டளை பாலேக்கு 77 லட்சம் டாலருக்கு மேல் அறிவித்திருந்தது. அதில் பெரும்பங்கு நியூயார்க் சிட்டி பாலேயின் ஜார்ஜ் பாலன்ஷீனோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கு, ஜாஃப்ரிக்கு ஒன்றுமில்லை. பிறகு அதே அறக்கட்டளைதான் அவர் மீண்டும் எழக் கைகொடுத்தது. 1965இல் புதுக் கம்பெனி மேடையேறியது, 1966இல் நியூயார்க் சிட்டி சென்டரில் இடம் பிடித்தது. ஹார்க்னஸ் பாலே? 1975இல் மூடப்பட்டது. பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனி பத்து வருடத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் புரவலரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2021இல் மெக்கன்சி ஸ்காட் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லமுக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தார், இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். அந்த மாதிரிப் பணம் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவரின் மனசைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒப்பந்தத்தைப் படித்தால் போதும். நடனங்களின் உரிமை யாருக்கு? உடை, செட் யார் சொத்து? கலைஞர்களின் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்? மூன்றும் கம்பெனியின் பெயரில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் வளர்வது வேறு யாரோ ஒருவருடைய கம்பெனி.

(ஜாஃப்ரி 1988இல் இறந்தார். அவருக்குப் பின் கம்பெனியின் கலை இயக்குநரான ஜெரால்ட் ஆர்பினோ, 1990இல் நிர்வாகக் குழுவோடு மோதி ராஜினாமா செய்து, தன்னுடைய, ஜாஃப்ரியுடைய நடனங்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். கம்பெனி அவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நடன உரிமை எவ்வளவு வலுவான ஆயுதம் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.)

ஓர் ஊரில் உட்கார்வது

சுற்றுப்பயணக் கம்பெனிக்கு ஊர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு இரவு ஆட்டத்தின் நாளைப் பாருங்கள். காலையில் லாரி வரும். முதலில் இறங்குவது செட் இல்லை, தரை. கனத்த வினைல் சுருள்களை மேடையில் உருட்டி விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுவார்கள். குளிர்காலத்தில் இரவெல்லாம் லாரியில் கிடந்த வினைல் விறைத்துப்போய் ஓரம் சுருளும். அறைச் சூட்டில் இளகும்வரை அதன்மேல் யாரும் திரும்பிச் சுழலக் கூடாது. அடியில் இருப்பது கான்கிரீட் என்றால் வினைல் எதையும் காப்பாற்றாது. குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடி நேராக முழங்கால் கீழெலும்புக்குப் போகும். அப்புறம் விளக்குகளைச் சரிபார்க்க வேண்டும், அதற்கிடையிலேயே மேடையில் வகுப்பு, பிறகு புது மேடையின் அளவுக்கு ஏற்ப இடம் பிடித்துப் பார்த்தல். மாலையில் ஆட்டம், இரவு பத்தரைக்கு எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டுதல். வாரத்தில் நாலு நாள் இப்படி என்றால் புது நடனம் அமைக்க நேரம் எங்கே? காயம் ஆறுவது எப்போது?

சொந்த ஸ்டூடியோவும் அதில் குதிக்கும் அடியைத் தாங்கும் நல்ல மரத்தரையும் உள்ள ஊர் ஒன்று இருந்தால் சுற்றுப்பயணம் இல்லாத வாரங்களும் சம்பள வாரங்களாகும். ஒத்திகை, பள்ளிக்கூட நிகழ்ச்சிகள், உள்ளூர் ஆட்டம் என்று அவற்றை நிரப்பலாம். நகராட்சியும் மாநிலமும் பணம் கொடுக்க ஒரு காரணமும் கிடைக்கும்.

பிரிஸ்டலில் எலிசபெத் வெஸ்டும் பீட்டர் டாரலும் 1957இல் தொடங்கிய வெஸ்டர்ன் தியேட்டர் பாலே இதற்கு நல்ல உதாரணம். சின்னக் குழு, கதை சொல்லும் துணிச்சலான நடனங்கள், கையில் காசு கிடையாது. 1962இல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விபத்தில் வெஸ்ட் இறந்துபோக, டாரல் தனியாக இழுத்தார். 1969இல் கம்பெனி அப்படியே கிளாஸ்கோவுக்குப் பெயர்ந்தது. ஒரு நாட்டுக்கே பாலே கம்பெனி இல்லாத இடம் அது. அங்கே போனபின் டாரல் 1971இல் கிசல், 1972இல் டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன் என்று முழுநீளப் படைப்புகளுக்கு வந்தார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊர், பிறகு கிசல். அதுதான் இன்றைய ஸ்காட்டிஷ் பாலே. 2009 முதல் கிளாஸ்கோவின் டிராம்வேயில் சொந்த இடம்.

அதே 1969இல், அதே வெஸ்டர்ன் தியேட்டர் பாலேயிலிருந்து வந்த லாவெர்ன் மேயர் மான்செஸ்டரில் தொடங்கியது இன்றைய நார்தர்ன் பாலே. அது ஊர் மாறி 1996இல் லீட்ஸுக்கு வந்தது, 2010இல் பெரிய கட்டடத்தில் குடியேறியது. ஊர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமுடியாது. சில ஆண்டுகளுக்கு முன், செலவைக் குறைக்க ஒரு சுற்றுப்பயணத்தின் சில ஊர்களில் இசைக்குழுவை விட்டுவிட்டுப் பதிவிசையில் ஆட முடிவெடுத்தபோது இசைக்கலைஞர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. கட்டடம் இருந்தாலும் டூர் வண்டி டீசலில்தான் ஓடுகிறது.

தவறான ஊரும் உண்டு. ஜாஃப்ரி பாலே 1980களில் நியூயார்க்கோடு லாஸ் ஏஞ்சல்ஸையும் இரண்டாவது வீடாக வைத்துப் பார்த்தது. ஒரே கண்டத்தின் இரு கரைகளில் வீடு என்பது இரண்டு வீட்டுச் செலவு, அரை ஊர் உரிமை. 1995இல் சிகாகோவுக்கு மாறியது. 2016இல் அங்கே கிறிஸ்டோஃபர் வீல்டன் அமைத்த நட்கிராக்கரின் கதையே 1893 சிகாகோ உலகக் கண்காட்சியைச் சுற்றி நடக்கிறது. நியூயார்க்கில் அதற்கு அர்த்தமில்லை. சிகாகோக்காரர்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதை.

சிறிதாகவே இருப்பது

2001இல் கஸ்ஸா பாஞ்சோ லண்டனில் தொடங்கிய பாலே பிளாக் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமார் எட்டுப் பேர் அளவிலேயே இருக்கிறது. கறுப்பின, ஆசிய வம்சாவளிக் கலைஞர்கள். பெரும்பாலும் அவர்களுக்காகவே அமைத்த புது நடனங்கள். யாரும் அவர்களிடம் 24 அன்னம் கேட்பதில்லை. 2018இல் ஃப்ரீட் நிறுவனம் இவர்களோடு சேர்ந்து பழுப்புத் தோலுக்குப் பொருந்தும் பாயின்ட் ஷூ கொண்டுவந்தது. அதுவரை பலர் ஷூவின் மேல் ஒப்பனைக் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார்கள். 2019இல் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் ராப் பாடகர் ஸ்டார்ம்ஸியோடு ஆடினார்கள். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இந்த அளவுக்குப் பெயர் வாங்கிய கம்பெனியை "வளரவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேல்ஸில் நியூபோர்ட்டை இருப்பிடமாகக் கொண்ட பாலே கம்ரி (1986இல் டேரியஸ் ஜேம்ஸ் தொடங்கியது) இன்னொரு மாதிரி. சின்னக் குழு, சின்ன அரங்குகள், உள்ளூர்க் கதைகள். இசைக்குழு கட்டுப்படியாகாத இடத்தில் கேட்ரின் ஃபின்ச் என்ற யாழ்க் கலைஞரையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இசை விஷயத்தில் சிறு கம்பெனிக்கு நான் சொல்வதும் அதுதான்: முப்பது பேர் கொண்ட இசைக்குழுவா, பதிவா என்ற இரண்டுக்குள் சிக்க வேண்டாம். குர்ட் யோஸின் தி கிரீன் டேபிள் 1932இல் இரண்டு பியானோவுக்காகவே எழுதப்பட்டது. இன்றும் பெரிய கம்பெனிகள் ஆடுகின்றன. காலை வகுப்புக்கு வாசிக்கும் பியானோ கலைஞர் எப்படியும் சம்பளத்தில் இருக்கிறார். பதிவிசையின் வேகம் மாறாது. கணுக்கால் வலியோடு ஆடும் பெண்ணுக்காக அது ஒரு நொடி காத்திருக்காது. பியானோக்காரர் காத்திருப்பார்.

இந்த வழியின் குறை, புதுப் படைப்பை விற்பது கடினம். பெயர் தெரியாத நடனத்துக்குச் சிற்றூரில் அரங்கு நிரம்பாது. அதனால் முழு மாலையும் புதிதாக வைக்காமல், ஒரு கிளாசிக் பகுதி, இரண்டு புதியவை என்று கலந்து கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பள்ளி

பள்ளியை வளர்ச்சி என்று யாரும் எண்ணுவதில்லை. ஓரமாக நடக்கும் வருமானம் என்றுதான் நினைக்கிறார்கள். கறுப்பின பாலே கலைஞர் ஆர்தர் மிட்செல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதிர்ச்சியில், பாலே ஆசிரியர் காரெல் ஷூக்கோடு சேர்ந்து 1969இல் ஹார்லமில் தொடங்கியது முதலில் பிள்ளைகளுக்கான வகுப்பு. அதிலிருந்து எழுந்த கம்பெனியான டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம் 1971இல் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆடியது, உலகம் சுற்றியது, 1984இல் கிசலை லூசியானா மண்ணுக்கு மாற்றி கிரியோல் கிசல் தந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்த நிலையில், கடன் தாங்காமல் 2004இல் கம்பெனி நின்றது. பள்ளி நிற்கவில்லை. எட்டு ஆண்டு கழித்து 2012இல், 18 பேரோடு, கம்பெனி மறுபடி மேடையேறியது. ஜாஃப்ரிக்கும் 1964இல் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது பள்ளிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

பள்ளி இல்லாததற்கும் உதாரணம் உண்டு. அன்னா பாவ்லோவாவைவிடப் பெரிய சுற்றுப்பயணக் கலைஞர் பாலேயில் யார்? பம்பாய், கல்கத்தா வரை வந்தவர். 1931 ஜனவரியில் அவர் இறந்ததும் கம்பெனியும் கலைந்தது. எல்லாமே அந்த ஒரு பெயரில் நின்றது. அவரைப் பார்த்து மயங்கி, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற ருக்மிணி தேவி, 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவியபோது பள்ளியிலிருந்து தொடங்கினார். நாட்டிய நாடகக் குழு அந்தப் பள்ளிக்குள்ளிருந்து வளர்ந்தது. அவர் காலம் முடிந்தும் அது நடக்கிறது.

சுற்றுப்பயணக் கம்பெனிக்குப் பள்ளியில் இன்னொரு வசதி உண்டு. நட்கிராக்கரில் எலிப் படைக்கும் விருந்துக் காட்சிக்கும் ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஒருவர் ஒரு மாதம் முன்னால் போய்ப் பயிற்சி கொடுத்தால் போதும். ஒரு எலிக்கு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீடு என்று ஆறு டிக்கெட் விற்கும். பத்துப் பேரைச் சம்பளத்துக்கு எடுக்காமலே மேடையும் நிறையும், அரங்கும் நிறையும். அமெரிக்காவில் பல கம்பெனிகளின் டிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு நட்கிராக்கருடையது.

அப்படியானால் எது?

பன்னிரண்டு பேர், 20 வாரச் சம்பளம் என்ற நிலையில் இருக்கும் கம்பெனி என்னிடம் கேட்டால், முதலில் ஒரு நடுத்தர ஊரைத் தேடச் சொல்வேன். பெரிய நகரம் வேண்டாம், அங்கே பெரிய கம்பெனி இருக்கும். அந்த ஊரில் ஸ்டூடியோ எடுத்து, மாலையில் பள்ளி, பகலில் ஒத்திகை. அடுத்த மூன்று ஆண்டில் 20 வாரத்தை 36 ஆக்குவது ஒன்றே இலக்கு. ஆட்களில் இரண்டு பேரை மட்டும் கூட்டலாம், அதுவும் காயம்பட்டவர் இடத்தில் ஆட. பன்னிரண்டு பேர் கம்பெனியில் ஒருவர் கால் பிசகினால் அன்று மதியமே முழு நிகழ்ச்சியையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தலைவலிக்கு இந்த இருவர் மருந்து.

ஏற்கெனவே 36 வாரம் வந்துவிட்ட கம்பெனிக்கு என் பதில் வேறு. அவர்கள் கொப்பேலியாவுக்குப் போகலாம். அன்னக் கூட்டமெல்லாம் இல்லாத, சிரிக்கவைக்கும், சின்ன மேடையில் அடங்கும் முழுநீளக் கிளாசிக் அது. ஸ்வான் லேக் அதற்கும் அப்புறம். புதுப் படைப்பாளி ஒருவர் கம்பெனிக்குள்ளேயே வளர்ந்திருந்தால் பாலே பிளாக் வழியில் போவதுதான் சரி, ஊர்கூட அவ்வளவு அவசரமில்லை.

ஊரோடு பேசும்போது நகராட்சி முதலில் அரங்கத்தைத்தான் காட்டும், புதுசா பெயின்ட் அடித்த முகப்போடு. அதைவிட ஸ்டூடியோவை முதலில் பார்க்க வேண்டும். தரைக்கு அடியில் மரச்சட்டங்கள் இருக்கின்றனவா, நேராகக் கான்கிரீட்டா? கூரை உயரம், தூக்கிப் பிடித்த பெண்ணின் கை இடிக்காத அளவா? லாரி பின்வாசல்வரை வருமா? வாரத்தில் எத்தனை காலைகள் நமக்கு என்பதையும், திருமண வரவேற்புக்கு மண்டபம் வாடகைக்குப் போகும் நாட்களில் வகுப்பு எங்கே என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைந்த குத்தகை என்றால் பேசாமல் வேனிலேயே இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம்.